தாமதமும் வி.ஓ.வும்: கடிதம் போடத் தயங்கும் சப்கான் தம்பிக்கு

தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். அவர் சிங்கப்பூரில் ஒரு சப்கான் கம்பனியில், அதாவது மெயின்கான் என்கிற தலைமை ஒப்பந்ததாரரிடமிருந்து வேலையில் ஒரு பகுதியை எடுத்துச் செய்கிற கம்பனியில், சைட் எஞ்சினியர். அரசாங்க வேலை ஒன்றில் வெளிப்புற வடிகாலும் நடைபாதையும் அவர்கள் பொறுப்பு. மார்ச் 3-ஆம் தேதி கிடைக்க வேண்டிய பகுதி மார்ச் 24 அன்றுதான் கைக்கு வந்தது. ஏப்ரல் 14 அன்று சைட்டைச் சுற்றி வந்த ஆர்.டி.ஓ., அதாவது அரசு அமைப்பின் சார்பில் சைட்டில் வேலையைக் கவனிக்கிற தொழில்நுட்ப அலுவலர், வடிகாலை இன்னும் 18 மீட்டர் நீட்டச் சொன்னார். சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம், அதில் ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். வேலையும் முடிந்துவிட்டது. இப்போது மே 20. "நீங்கள் 30 நாள் தாமதம், நாளுக்கு 2,500 வெள்ளி எல்.டி., மொத்தம் 75,000 வெள்ளி பேக்சார்ஜ்" என்கிறது மெயின்கான். எல்.டி. என்பது தாமதத்துக்கு நாள்கணக்கில் பிடிக்கிற தொகை, பேக்சார்ஜ் என்பது நமக்கு வர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்வது. கூடுதல் வடிகாலுக்குக் காசு கேட்டால், "வி.ஓ. எங்கே?", அதாவது வேலையை மாற்றச் சொன்ன எழுத்து உத்தரவு எங்கே, என்கிறது. கடிதம் போட்டால் உறவு கெட்டுவிடுமே என்று அவருடைய முதலாளி தயங்குகிறாராம்.

அந்தத் தயக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் கணக்கு, கற்றுக்கொள்ளலாம். நம் ஆட்களுக்குப் பணத்தைக் கரைப்பது முகத்தாட்சண்யம். தினமும் காலையில் கோப்பி குடித்துக்கொண்டே பேசுகிற மனிதருக்கு எப்படி ரிஜிஸ்டர் போட்ட மாதிரி ஒரு கடிதம் அனுப்புவது? அவர் என்ன நினைப்பார்? இதே யோசனையில்தான் நானும் ஒரு காலத்தில் இருந்தேன். கியூ.எஸ்., அதாவது கட்டுமான அளவையும் செலவையும் கணக்கிடுகிற, வேலைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் முதல் ஐந்து வருடம் இந்த யோசனையால் என் கம்பனி இழந்த தொகையை நான் கூட்டிப் பார்த்ததில்லை, பயம்தான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கிழக்குப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மேம்பாட்டு வேலை. ஆர்.டி.ஓ. தங்கமான மனிதர், வயதானவர், குடையும் கையுமாக வருவார். ஒரு நாள் வடிகால் தோண்டும்போது பழைய கைவிடப்பட்ட மேன்ஹோல் ஒன்றின் கான்கிரீட் கட்டி தட்டுப்பட்டது. எந்த வரைபடத்திலும் அது இல்லை. "உடைத்துப் போட்டுவிடு, வழியை இப்படித் திருப்பிவிடு, வி.ஓ. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். நான்கு நாள் பிரேக்கர் ஓடியது. நடுவில் ஒரு மழை வந்து பள்ளம் நிரம்பியது, பம்பு வைத்து இறைத்தோம். கணக்குப் போட்டால் 31,400 வெள்ளி. பில் அனுப்புவதற்குள் அந்த மனிதர் வேறு திட்டத்துக்கு மாறிப் போய்விட்டார். புதிதாக வந்த இளைஞர் மரியாதையாகத்தான் கேட்டார்: "உத்தரவு எங்கே? கட்டி இருந்ததற்குப் படம் இருக்கிறதா?" எங்களிடம் இரண்டு படங்கள் இருந்தன. இரண்டும் மண் மூடி, புல் பதித்த பிறகு எடுத்தவை. நல்ல பச்சைப் புல். கடைசியில் 9,000 வெள்ளிக்கு ஒத்துக்கொண்டோம்.

அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குமேல் ஒரு அனுமதிச் சங்கிலி இருக்கிறது, அதற்குமேல் தணிக்கை இருக்கிறது. தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள்: வேலை முடிந்த பிறகு வாங்கிய ஒப்புதல்கள், அட்டவணையில் விலை இல்லாத வேலைகளுக்கு, அதாவது நாம் "ஸ்டார் ரேட்" என்கிறோமே, அவற்றுக்குக் கொடுத்த சந்தேகத்துக்கிடமான மேற்கோள்கள் என்று திரும்பத் திரும்ப வருகின்றன. தன் பெயர் அதில் ஒரு பத்தியாக வருவதை எந்த அதிகாரியும் விரும்பமாட்டார். நீங்கள் போடுகிற கடிதம் அவர்மேல் தொடுக்கிற அம்பு என்று உங்கள் முதலாளி நினைக்கிறார். அந்த அதிகாரிக்கோ அது தன் கோப்பில் வைத்துக்கொள்ள ஒரு தாள். அது இருந்தால்தான் உங்களுக்குப் பணம் கொடுக்க அவர் மேலிடத்தில் கேட்க முடியும்.

சரி, இப்போது ஒப்பந்தம். இங்கே அரசு அமைப்புகளின் கட்டுமான வேலைகள் பெரும்பாலும் பி.எஸ்.எஸ்.சி.ஓ.சி. என்கிற பொதுத்துறை நிபந்தனைகளின்கீழ் நடக்கின்றன. 1995-இல் வந்தது, பலமுறை திருத்தி, 2020 ஜூலையில் எட்டாம் பதிப்பு வந்தது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), நிலப் போக்குவரத்து ஆணையம் என்று யாருடைய வேலையானாலும் எலும்புக்கூடு இதுதான். ஒவ்வொரு திட்டமும் சிறப்பு நிபந்தனைகள் என்று தன் சதையை வைத்துக்கொள்ளும். அந்தச் சதையைப் படிக்காமல் எலும்பை மட்டும் படித்துவிட்டுக் கடிதம் போடுகிறவர்கள் நிறைய.

14-ஆம் பிரிவு காலத்தைப் பற்றியது. தாமதம் வரும் என்று தெரிந்த உடனே எஸ்.ஓ.வுக்கு, அதாவது அமைப்பின் சார்பில் ஒப்பந்தத்தை மேற்பார்க்கிற அதிகாரிக்கு, எழுத்தில் சொல்ல வேண்டும், எப்படியும் நிகழ்ந்ததிலிருந்து 60 நாளுக்குள். என்ன நடந்தது, ஏன் தாமதம், எத்தனை நாள், அதைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள், எல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்த 60 நாளை நட்புக்காக யாரும் நீட்டமாட்டார்கள். அறிவிப்பு கொடுத்தால்தான் கால நீட்டிப்புக் கேட்கிற உரிமையே வருகிறது என்ற தோரணையில்தான் அந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது.

உங்கள் தேதிகளை எண்ணிப் பாருங்கள். மார்ச் 3-லிருந்து 60-ஆம் நாள் மே 2. அது போய்விட்டது. ஏப்ரல் 14-லிருந்து 60-ஆம் நாள் ஜூன் 13. இன்னும் 24 நாள் இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டு நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள், இது மெயின்கானுக்கும் அரசு அமைப்புக்கும் நடுவில் உள்ள கணக்கு. உங்கள் சப்கான் ஒப்பந்தத்தில் 14 நாள் என்றோ 21 நாள் என்றோ இருக்கலாம். மெயின்கானுக்குத் தன் 60 நாளுக்குள் மேலே அனுப்ப நேரம் வேண்டுமே, அதனால் கீழே உள்ளவனுக்குக் குறைத்துத்தான் எழுதுவார்கள். இன்றைக்கே அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்.

மார்ச் 3 விஷயம் முழுக்கக் கைவிட்டுப் போயிற்றா என்றால், தேடிப் பார்க்க வேண்டும். கடிதம் என்ற தலைப்போடு போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மார்ச் மாத சைட் கூட்டங்களின் குறிப்பில் "பகுதி இன்னும் ஒப்படைக்கப்படவில்லை, சப்கான் வேலையைத் தொடங்க முடியவில்லை" என்று ஒரு வரி இருக்கிறதா? நீங்கள் மெயின்கான் கோஆர்டினேட்டருக்கு மின்னஞ்சல் போட்டீர்களா, "இடம் எப்போது கிடைக்கும், ஆட்கள் சும்மா நிற்கிறார்கள்" என்று? தாமதத்தையும் காரணத்தையும் எழுத்தில் உரிய நாளுக்குள் சொன்ன தாள் எதுவானாலும், அதையே அறிவிப்பு என்று வாதாட இடம் உண்டு. அது உறுதியான வெற்றி என்று நான் சொல்லமாட்டேன், உங்கள் ஒப்பந்தம் அறிவிப்புக்கு என்ன வடிவம் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் வெறுங்கையோடு நிற்பதற்கு அது எவ்வளவோ மேல். அப்புறம் இன்னொன்று கேளுங்கள்: அந்த 21 நாளுக்கு மெயின்கான் மேலே கால நீட்டிப்புக் கேட்டதா, எஸ்.ஓ. கொடுத்தாரா? மேலே நாள் வாங்கிக்கொண்டு கீழே உங்களிடம் எல்.டி. பிடிப்பது நான் பலமுறை பார்த்த வித்தை. கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டாலே பேச்சின் தொனி மாறும்.

இப்போது நேர்மையான எண்ணிக்கைக்கு வருகிறேன். இதில்தான் பெரும்பாலான கோரிக்கைகள் சாகின்றன. இடம் 21 நாள் தாமதமாக வந்தது என்பதால் 21 நாள் உங்களுக்கு வந்துவிடாது. வேலையின் முடிவுத் தேதியை அது எத்தனை நாள் தள்ளியது என்பதுதான் கேள்வி. உங்கள் ஆட்கள் மார்ச் 15 வரை மற்றொரு பகுதியில் நடைபாதை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று வையுங்கள். மார்ச் 3-ஆம் தேதியே இடம் கொடுத்திருந்தாலும் அவர்கள் வந்திருக்க முடியாது. இன்னொரு குழு உங்களிடம் இல்லை. அப்படியென்றால் உண்மையான காத்திருப்பு 15-லிருந்து 24 வரை, 9 நாள். 9 நாள் கேளுங்கள். 21 கேட்டால், எதிர்த்தரப்பு கியூ.எஸ். உங்கள் ஆள்கணக்கை எடுத்து மார்ச் 3 முதல் 15 வரை ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று காட்டுவார். அதோடு 9-ஐயும் நம்பமாட்டார்கள். பேரம் பேச வசதியாக இருக்கட்டும் என்று இரண்டு மடங்கு போடுவது காய்கறிக் கடைக்குச் சரி.

கூடுதல் 18 மீட்டர் வடிகாலுக்கும் இதே சோதனைதான். அந்த வேலை நடந்த நாட்களில் நடைபாதை வேலை நின்றதா, இல்லை பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததா? அதே எக்ஸ்கவேட்டரும் அதே ஆட்களும்தான் என்றால் நின்றிருக்கும். வேறு குழு என்றால் நிற்கவில்லை, அப்போது பணம் உண்டு, நாள் இல்லை. பணமும் நாளும் ஒரே கடிதத்தில் வந்தாலும் இரண்டும் தனித்தனிக் கணக்கு என்பதை மனத்தில் வையுங்கள். மழையை எடுத்துக்கொள்ளுங்கள். அசாதாரணமாக மோசமான வானிலைக்கு நாள் கிடைக்கும், ஒரு வெள்ளி கிடைக்காது. இடம் தர அமைப்பு தாமதித்தால் நாளும் கிடைக்கும், செலவும் கேட்கலாம். இந்தப் பட்டியலைத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் செலவு கேட்டு அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

மழை என்றதும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் சராசரியாக வருடத்துக்கு 171 நாள் மழை பெய்கிறது, இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல். ஆகவே "டிசம்பரில் மழை பெய்தது" என்று எழுதினால் எஸ்.ஓ. சிரிப்பார், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்யாமல் எப்போது பெய்யும்? வழக்கத்துக்கு மேல் எவ்வளவு என்று வானிலை நிலையத்தின் கணக்கோடு காட்ட வேண்டும். சைட் டைரியில் "மழை" என்று ஒற்றைச் சொல் எழுதுகிற சூப்பர்வைசரை மாற்றுங்கள், அல்லது அவர் எழுதுகிற விதத்தை மாற்றுங்கள். "2.15-க்கு மழை, 2.20-க்கு கேட் ஒன் (மின்னல் எச்சரிக்கை), வேலை நிறுத்தம், 14 ஆட்கள் கொட்டகையில், 4.40-க்கு மழை நின்றது, 5.05-க்கு கேட் ஒன் நீங்கியது, பள்ளத்தில் தண்ணீர் முழங்கால் ஆழம், மறுநாள் காலை 10 வரை பம்பு" — இது டைரி. ஐந்து நிமிட வேலை. ஆறு மாதம் கழித்து அந்த வரி உங்களுக்காகப் பேசும்.

வி.ஓ.வுக்கு வருகிறேன். உங்கள் விஷயத்தில் இரண்டு சிக்கல் இருக்கிறது. உத்தரவு எழுத்தில் இல்லை என்பது ஒன்று. அது வந்த வழி தப்பு என்பது இன்னொன்று, அதுதான் பெரிது. ஆர்.டி.ஓ. எஸ்.ஓ.வின் தரப்பு ஆள். உங்கள் ஒப்பந்தம் மெயின்கானோடு. அரசு அமைப்புக்கும் உங்களுக்கும் நேரடி உறவே இல்லை. ஆகவே ஆர்.டி.ஓ. சொன்னதை நீங்கள் செய்தால், ஒப்பந்தப்படி யாரோ வழிப்போக்கர் சொன்னதைச் செய்த மாதிரி. வேலையை மாற்றும் அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதே தனிக் கேள்வி. பல திட்டங்களில் அவர் தரத்தைப் பார்க்கலாம், குறை சொல்லலாம், மாற்றம் உத்தரவிட முடியாது.

அதனால் உங்கள் சூப்பர்வைசருக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுங்கள். யாராவது கையை நீட்டி "இங்கேயும் போடு" என்றால், சரி என்று தலையாட்டிவிட்டு, நகருவதற்குள் மெயின்கான் எஞ்சினியருக்கு ஒரு செய்தி: "ஆர்.டி.ஓ. இன்று காலை 10.30-க்கு இந்த இடத்தில் 18 மீட்டர் வடிகால் நீட்டச் சொன்னார், படம் இணைப்பில். இது எங்கள் வேலைக்குள் இல்லை. செய்யட்டுமா என்று உறுதி சொல்லுங்கள்." பதில் வரும்வரை தோண்டக் கூடாது. பதில் வராவிட்டால்? அங்கேதான் கலை. வேலையை நிறுத்தவும் முடியாது, மழையில் வடிகால் இல்லாமல் பக்கத்துக் கட்டடத்துக்குள் தண்ணீர் போனால் உங்கள் தலையில் விடியும். அப்போது செய்யுங்கள், ஆனால் "நாளைக் காலை தொடங்குகிறோம், மறுப்பு இருந்தால் இன்று மாலைக்குள் சொல்லுங்கள், செலவும் நாளும் பிறகு தருகிறோம்" என்று எழுத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இந்த முறை அது நடக்கவில்லை. இப்போதும் தாமதமில்லை. கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும், பொருள் இப்படி இருக்கட்டும்:

"ஏப்ரல் 14 அன்று திட்டப் பகுதியில் எஸ்.ஓ. தரப்பு அலுவலர் வடிகாலை 18 மீட்டர் நீட்டும்படி எங்கள் சூப்பர்வைசருக்கு அனுப்பிய படத்தை இத்துடன் இணைத்துள்ளோம். இந்த வேலை எங்கள் வரைபடத்திலும் விலைப்பட்டியலிலும் இல்லை. வேலை முடிந்துவிட்டது, தேதியிட்ட படங்கள், ஆள்கணக்கு, லாரிச் சீட்டுகள் இணைப்பில். இதைக் கூடுதல் வேலை என்று உறுதிசெய்து தருமாறும், முதன்மை ஒப்பந்தத்தின்கீழ் உரிய நாளுக்குள் எஸ்.ஓ.வுக்கு அறிவிப்பு அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறோம். இதனால் எங்கள் வேலை இத்தனை நாள் தள்ளிப்போயிற்று, விவரம் தனித்தாளில்."

இதில் சண்டை எங்கே இருக்கிறது? "உங்கள் அலட்சியத்தால்", "வருந்தத்தக்க முறையில்" என்ற சொற்களையெல்லாம் போடாதீர்கள். ஜூன் 13 நெருங்குகிறது என்பதைக் கடைசி வரியில் தேதியாக மட்டும் குறிப்பிடுங்கள். மெயின்கான் கியூ.எஸ். கெட்டிக்காரர் என்றால் உங்களுக்கு நன்றி சொல்வார், ஏனென்றால் மேலே அவருக்கும் அந்தப் பணம் வர வேண்டும்.

விலை எப்படி? ஒப்பந்தத்தில் அதே மாதிரி வடிகாலுக்கு மீட்டர் விலை இருந்தால் அதுதான், கூடக் கேட்க முடியாது. ஆழம் வேறு, இடுக்கு இடம், இரவு வேலை என்று சூழ்நிலை மாறியிருந்தால் அந்த விலையை அடிப்படையாக வைத்துச் சரிசெய்து கேட்கலாம். அட்டவணையிலேயே இல்லாத பொருள் என்றால்தான் சந்தை விலை, மேற்கோள்கள். மூன்று மேற்கோள் கேட்டால் மூன்று கடையிலும் உண்மையாக வாங்குங்கள்; ஒரே மச்சான் மூன்று லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுத்து மாட்டிய கதைகள் உண்டு, அது காசு போகிற விஷயத்தோடு நிற்காது. ஆள் மணிக்கணக்கில் செய்த வேலைக்கு டேவொர்க் ஷீட்டை அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். மறுநாள் வாங்கலாம் என்று வைத்த ஷீட்டில் நான் கையெழுத்துப் பார்த்ததே இல்லை.

தாமதத்தால் ஆன செலவைக் கேட்கும்போது பி.எஸ்.எஸ்.சி.ஓ.சி.யில் ஒரு விசேஷம் உண்டு, பலருக்குத் தெரியாது. நேரடியாக ஆன செலவும் சைட்டில் ஆன மேற்செலவும் கணக்கோடு காட்டினால், அதன்மேல் 15 விழுக்காடு சேர்த்துக்கொள்ளலாம். லாபம், தலைமை அலுவலகச் செலவு, வட்டி எல்லாம் அந்த 15-க்குள் அடக்கம். ஆகவே புத்தகத்தில் படித்த ஹட்சன் ஃபார்முலா போன்றவற்றைப் போட்டு ஆறு பக்கத்துக்குத் தலைமை அலுவலகச் செலவு கேட்டால் அது ஓடாது. நேரடிச் செலவைத்தான் கெட்டியாகக் காட்ட வேண்டும். லெவியை, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் தீர்வையை, மறக்காதீர்கள்: 2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத் தொழிலாளிக்குத் திறன் நிலையைப் பொறுத்து மாதம் 500 அல்லது 900 வெள்ளி. பத்துப் பேர் ஒன்பது நாள் சும்மா நின்றால் லெவியும் சம்பளமும் தங்குமிட வாடகையும் எவ்வளவு என்று கணக்கு உங்கள் அலுவலக அக்காவிடம் இருக்கும், அவரிடம் கேளுங்கள். ஆனால் இதுவும் முதன்மை ஒப்பந்தத்து விதி. உங்கள் சப்கான் தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

இப்போது அந்த 75,000. எல்.டி. என்பது தண்டனை இல்லை. தாமதமானால் எவ்வளவு நட்டம் வரும் என்று முன்கூட்டியே நியாயமாகப் போட்ட கணக்கு. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டென்கா அட்வாண்டெக், செராயா எனர்ஜி வழக்கில் இந்தப் பழைய அளவுகோலையே உறுதிப்படுத்தியது, இங்கிலாந்து போன புதிய வழியில் போகவில்லை. ஆனால் அந்த வாதத்தை நம்பி நீங்கள் போக வேண்டாம், உங்களுக்குச் செலவாகும். உங்கள் ஒப்பந்தத்தில் நாளுக்கு 2,500 என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதாமல் "ஏற்படும் நட்டம் முழுவதும்" என்று இருந்தால் மெயின்கான் தன் நட்டத்தை நிரூபிக்க வேண்டும். சும்மா 75,000 என்று சொன்னால் போதாது.

கால நீட்டிப்பு ஏதோ நமக்குச் செய்கிற தயவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அமைப்பே தாமதத்துக்குக் காரணமாகி, அதற்கு நாள் கொடுக்க ஒப்பந்தத்தில் வழியில்லாமல் போனால், முடிவுத் தேதியே கழன்று விழுந்துவிடும், எல்.டி.யும் கூடவே போய்விடும். 2019-இல் உயர் நீதிமன்றம் கிரெசெண்டாஸ் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆகவே நாள் கொடுப்பது கொடுப்பவருக்கும் காப்பு. எஸ்.ஓ.வுக்கு இது நன்றாகவே தெரியும்.

மெயின்கான் பணத்தைப் பிடித்தே விட்டால், உங்கள் கையில் இருப்பது கட்டுமானத் துறைப் பணப் பாதுகாப்புச் சட்டம், 2005 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சோபா என்பார்கள். மாதாமாதம் பேமெண்ட் கிளெய்ம் போடுகிறீர்கள் அல்லவா, அதற்கு மெயின்கான் ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 21 நாளில், பதில் தர வேண்டும். ஒப்பந்தத்தில் நாள் சொல்லவில்லை என்றால் 14. எவ்வளவு பிடிக்கிறோம், ஏன் பிடிக்கிறோம் என்பது அந்தப் பதிலில் இருக்க வேண்டும். பிறகு யோசித்துச் சேர்க்கிற காரணங்கள் பொதுவாக எடுபடாது. பதில் தர வேண்டிய நாளிலிருந்து 7 நாள் பேசித் தீர்க்க. தீராவிட்டால் அடுத்த 7 நாளுக்குள் சிங்கப்பூர் சமரச நிலையத்தில் அட்ஜுடிகேஷன், அதாவது நடுவர் முடிவு, கேட்டு விண்ணப்பம். இந்த 7-ஐத் தவறவிட்டவர்கள்தான் அதிகம். ஒரு வாரம் முழுக்க "பேசிக்கொண்டிருக்கிறோம் சார்" என்பார்கள். நடுவர் பெரும்பாலும் 14 நாளில் முடிவு சொல்லிவிடுவார். அப்புறம், "மேலே பணம் வந்ததும் தருகிறோம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அந்த வரி இந்தச் சட்டத்தின்முன் செல்லாது.

2019 டிசம்பர் 15 முதல் ஒரு திருத்தம் இருக்கிறது, உங்களுக்கு அதில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. நட்ட ஈடு, தாமதச் செலவு போன்றவற்றை, தொகையில் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட தாளோ ஒப்பந்தப்படி வர வேண்டிய சான்றிதழோ இல்லாமல் நடுவர் பார்க்கக் கூடாது. ஆகவே உங்கள் ஆட்கள் சும்மா நின்ற செலவை அங்கே கேட்க முடியாது. அதே விதி மெயின்கான் பதிலுக்கும் பொருந்தும்: ஒப்புக்கொண்ட தாளோ சான்றிதழோ இல்லாமல் 75,000-ஐப் பிடித்தால் அதையும் நடுவர் ஒதுக்கிவைக்க வேண்டும். நீங்கள் செய்த 18 மீட்டர் வடிகால் இந்த வகையில் வராது, அது செய்த வேலைக்கான கூலி. ஆகவே கிளெய்மில் இரண்டையும் கலக்காமல் தனித்தனி வரியாகப் போடுங்கள். அவர்கள் நீட்டுகிற பேக்சார்ஜ் தாளில் "பெற்றுக்கொண்டேன்" என்ற அர்த்தத்தில்கூடக் கையெழுத்துப் போடாதீர்கள். "ஒப்புக்கொள்ளவில்லை" என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.

கோவிட் சமயத்தில் தாள் இல்லாதவனுக்கும் நாள் கிடைத்ததே என்று உங்கள் முதலாளி சொல்லக்கூடும். உண்மைதான். 2020 ஏப்ரல் 7 முதல் ஆகஸ்ட் 6 வரைக்குத் தகுதியுள்ள ஒப்பந்தங்களுக்கெல்லாம் சட்டமே 122 நாள் கொடுத்தது. நாடே நின்ற காலம் அது. அதிலிருந்து சிலர் தப்பான பாடம் படித்துவிட்டார்கள், எப்படியும் கடைசியில் யாராவது நாள் கொடுப்பார்கள் என்று. அதற்கு முன் 2007-இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தபோது கான்கிரீட் விலை எகிறியது. அந்தத் தகராறில் ஒன்று, ஹோல்சிம் வழக்கு, 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போயிற்று. அங்கே கான்கிரீட் கொடுப்பவர் தப்பித்தார், காரணம் அவருடைய ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு பிரிவு எழுதியிருந்தது. 

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சப்கான் ஒப்பந்தத்தில் அறிவிப்பு நாள் எத்தனை என்று பாருங்கள். சூப்பர்வைசர் போனிலிருந்து அந்த வாட்ஸ்அப் உரையாடலைத் தேதி, நேரம் தெரியும்படி முழுதாக எடுத்து வையுங்கள். அவர் ஊருக்குப் போய்விட்டால் போனும் போய்விடும். மார்ச் கூட்டக் குறிப்புகளைத் தேடுங்கள். ஆள்கணக்கை மார்ச் 1 முதல் மே 20 வரை ஒரே தாளில் போடுங்கள், எந்த நாள் எந்த இடத்தில் எத்தனை பேர் என்று. அதில் உங்களுக்கு எதிரான நாட்களும் வரும், மறைக்காதீர்கள். பிறகு கடிதம். அனுப்புவதற்கு முன் மெயின்கான் எஞ்சினியரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ஒரு கடிதம் வருகிறது, கோப்புக்காக. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்." நான் இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். முகத்தாட்சண்யத்துக்கு அந்த ஒரு போன் போதும். அது முடிந்ததும் அனுப்பு பொத்தானை அழுத்திவிடுங்கள்.